ஆங்கில வகுப்பும் மாணவர் ஆக்கமும்

எழுத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு மாத்தளை மாவட்டம் இரண்டு சான்றுகளைத் தன்னகத்தே வைத்திருக்கின்றது. ஒன்று, மாத்தளை நகருக்கு வடக்கே தம்புள்ளை செல்லும் வீதியோரத்தில் உள்ள அலுவிகாரை. கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டிலே, வலகம்பா மன்னன் காலத்தில், போரும் பஞ்சமும் நாட்டை வருத்திய வேளையில், அதுவரை பிக்குமாரின் நாவிலும் நினைவிலுமே வாழ்ந்துவந்த பாளித் திரிபிடகம் இவ்விடத்திலேதான் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. மற்றொன்று, அதே மாவட்டத்தின் வட பகுதியில் எழுந்து நிற்கும் சிகிரியாக் குன்று. காசியப்ப மன்னன் ஐந்தாம் நூற்றாண்டில் அமைத்த அரண் அழிந்த பின்னர், அங்குள்ள ஓவியங்களைக் காண வந்தவர்கள் வழவழப்பான கண்ணாடிச் சுவரிலே தத்தம் உணர்ச்சிகளைப் பாட்டாக எழுதிச் சென்றனர். பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை எழுதப்பட்ட அப்பாடல்களுள் 685ஐப் பேராசிரியர் பரணவிதான படித்தறிந்து 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவற்றை எழுதியோருள் துறவியர் உளர், அரச அலுவலர் உளர், பெண்டிரும் உளர்.

அலுவிகாரையில் எழுத்தாணி பிடித்தவர்க்கு ஒரு சொல்லையேனும் மாற்றும் உரிமை இல்லை. கேட்டதைக் கேட்டவாறே பதித்தல் அவர் கடமை. சிகிரியாவில் எழுதியவரோ தாம் கண்டதையும் எண்ணியதையும் தம் சொல்லாலேயே கூறினார். காத்தல் ஒரு கலை, ஆக்கல் ஒரு கலை. மொழியைக் கற்போனுக்கு இவ்விரண்டும் வேண்டும். இலங்கைப் பாடசாலைகளில் ஆங்கில வகுப்பு நடந்துவந்த ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றை நோக்கினால், முதலாவது கலைக்கு நாற்காலியும் மேசையும் கிடைத்தன. இரண்டாவது கலை பெரும்பாலும் வாயிற்படியிலேயே நின்றது. அது ஏன் அவ்வாறு நின்றது, எவ்வெப்போது உள்ளே அழைக்கப்பட்டது, உள்ளே வந்தபின் அதற்கு என்ன நேர்ந்தது என்பனவற்றைக் காண்பது இவ்வுரையின் நோக்கம்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. அதனோடு மாத்தளையும் அவர்கள் ஆட்சிக்குள் வந்தது. 1832ஆம் ஆண்டின் கோல்புறூக் அறிக்கை ஆங்கிலக் கல்வியை வற்புறுத்தியது. 1834இல் பாடசாலை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அரசாங்கத்தின் அலுவல்களுக்கு ஆங்கிலம் தெரிந்த சுதேசிகள் வேண்டியிருந்தனர். கடிதத்தைப் பிழையின்றிப் பிரதி செய்யவும், கணக்கை ஒழுங்காகப் பதியவும், மேலதிகாரி சொன்னதை விளங்கிக்கொள்ளவும் தெரிந்தால் அவர்க்குப் போதும். எழுதுவினைஞர் ஒருவரின் சொந்தக் கருத்தைக் கேட்பார் எவருமிலர். எனவே வகுப்பறையிலும் அது கேட்கப்படவில்லை.

அக்காலத்திலேதான் மாத்தளை மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பரவின. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்ட தொழிலாளர் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். நோயும் பசியும் வழியிலே பலரை வீழ்த்தின. 1854இல் தோட்டத் தமிழரிடையே பணிசெய்யவென ஒரு கிறித்தவ மிஷன் தொடங்கப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தது. தேயிலையும் கொக்கோவும் பின்னர் இறப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் ஓடலாயிற்று. நகரம் வளர வளரப் பாடசாலைகளும் வளர்ந்தன. கிறைஸ்ட் சேர்ச், சென் தோமஸ், விஜய, ஸாஹிரா, பாக்கியம், இந்துக் கல்லூரி என வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு சமூகத்தார் முயற்சியால் எழுந்த கல்விக்கூடங்கள் இன்றும் அந்நகரின் அணிகலன்களாக விளங்குகின்றன.

1869இல் இலங்கையில் பொதுப் போதனாப் பகுதி நிறுவப்பட்டது. அதன்பின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு என்னும் முறை வந்தது. 1862இல் இங்கிலாந்திலே தொடங்கிய முறை இது. பரிசோதகர் ஆண்டுக்கொரு முறை வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பிலும் எழுத்திலும் எண்ணிலும் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பாடசாலைக்குப் பணம் வரும். இம்முறையில் ஒரு பிள்ளையின் பிழை பாடசாலையின் வருவாயைக் குறைத்தது. சொந்தமாக வாக்கியம் எழுதும் பிள்ளை பிழைவிடும். மனனஞ் செய்ததை எழுதும் பிள்ளை பிழைவிடாது. ஆதலால் உபாத்தியாயர்கள் வாசிப்புப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை பிள்ளைகளின் நாவில் ஏற்றினர். புத்தகத்தைப் பாராமலே பக்கம் பக்கமாக ஒப்புவிக்கும் பிள்ளைக்கு அப்பக்கத்தின் பொருள் தெரிந்திருக்க வேண்டுமென்ற கட்டாயம் இருக்கவில்லை. ஆங்கிலக் கவிஞரும் திறனாய்வாளருமாகிய மத்தியூ ஆர்னல்ட் அவர்களே அந்நாட்டில் பாடசாலைப் பரிசோதகராக 35 ஆண்டுகள் கடமையாற்றியவர். இம்முறை கல்வியை இயந்திரமாக்கிவிடும் என்று அவர் தம் அறிக்கைகளிற் கண்டித்தார். எனினும் அது உடனே நீங்கவில்லை.

1880இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. இனி வகுப்பறையின் எசமானர் கடலுக்கப்பால் இருந்து வினாத்தாள் அனுப்புபவரானார். செய்யுளை உரைநடையாக்கல், வாக்கியத்தைக் கூறுகூறாகப் பிரித்தல், சொல்வதெழுதுதல், நேர்மையைப் பற்றியோ விடாமுயற்சியைப் பற்றியோ ஒரு கட்டுரை ஆகியனவே பயிற்சிகள். பேரரசு முழுவதற்குமாக அச்சிடப்பட்ட வாசிப்பு நூல்களிலே பனிமழையும் குளிர்காலக் கணப்பும் இளவேனிற் பூக்களும் நிறைந்திருந்தன. வேர்ட்ஸ்வர்த் பாடிய டாபடில் மலரை ஒருநாளும் காணாத பிள்ளை அம்மலரைப் புகழ்ந்து எழுதிற்று. தன் வீட்டு வாசலில் மிளகுக்கொடி படர்ந்திருப்பதையும், அயலிற் கொக்கோக் காய் செம்பொன்னாகப் பழுப்பதையும் ஆங்கிலத்திற் சொல்ல அதற்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. சொல்லத் தக்க பொருள் அதுவென்ற எண்ணமே அந்த வகுப்பில் எழவில்லை.

இத்தகைய ஆங்கிலக் கல்வியும் எல்லோர்க்கும் கிட்டவில்லை என்பதை மறத்தலாகாது. கட்டணம் அறவிடும் ஆங்கிலப் பாடசாலை ஒருபுறம். கட்டணமில்லாத சுயமொழிப் பாடசாலை மறுபுறம். முன்னதிற் படித்தவனுக்கு உத்தியோகம். பின்னதிற் படித்தவனுக்கு வயலும் கைத்தொழிலும். தோட்டத்துப் பிள்ளையின் நிலை இவ்விரண்டினுங் கீழானது. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டங்களிற் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடம் நடத்தும் பொறுப்பைத் துரைமார் மேற் சுமத்தியது. ஆனால் அங்கே கற்பித்தது தமிழ் எழுத்தும் சிறிது எண்ணுமே. வசதி படைத்த பெரிய கங்காணிமார் தம் மக்களை நகரத்து ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பினர். லயத்துப் பிள்ளை கொழுந்துக் கூடையையே நோக்கி வளர்ந்தது.

இதன் விளைவு வகுப்பறையோடு நிற்கவில்லை. அக்கால ஆட்சியின் மொழி ஆங்கிலம். சம்பளக் குறைவையோ, தலைக்காசுக் கணக்கையோ, துரையின் கொடுமையையோ அதிகாரிக்கு எடுத்துரைக்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் மனு எழுதவேண்டும். அதை எழுதத் தெரிந்தவர் கூலி வாங்கிக்கொண்டு எழுதினார். எழுதிய வாசகத்தில் என்ன இருந்ததென்று கைந்நாட்டிட்டவருக்குத் தெரியாது. தன் துயரைத் தன் வாயாற் சொல்ல இயலாத நிலை இது. ஆக்க எழுத்து என்றதும் கதையும் கவிதையும் மாத்திரமே நினைவுக்கு வருதல் வழக்கம். தன் வாழ்க்கையில் நடந்ததைப் பிறர் நம்பும்படி ஒழுங்காகச் சொல்லுதலும் ஆக்கமே. அத்திறன் மறுக்கப்பட்டவர்க்கு நேரும் இழப்பை மலைநாட்டு வரலாறு நன்கு காட்டுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கல்வியுலகில் ஒரு புதிய காற்று வீசியது. கேம்பிரிட்ஜ் நகரத்துப் பேர்ஸ் பாடசாலையில் ஆங்கில ஆசிரியராயிருந்த கால்டுவெல் குக் என்பவர் சேக்ஸ்பியரின் நாடகங்களை மாணவர் மேசையில் வைத்து வாசிப்பதை விடுத்து எழுந்து நின்று நடிக்கவேண்டும் என்றார். மாணவரே பாட்டெழுதி, நாடகம் புனைந்து, சொற்பொழிவாற்றி, அவற்றைத் தாமே திறனாய்ந்தனர். இம்முயற்சியை விளக்கி 1917இல் அவர் வெளியிட்ட நூல் பல நாட்டு ஆசிரியர்களைச் சிந்திக்கச் செய்தது. வங்காளத்திலே 1901இல் சாந்திநிகேதனப் பாடசாலையைத் தொடங்கிய இரவீந்திரநாத தாகூர், பிள்ளைகளுக்கென ஆங்கிலப் பாடநூல்களைத் தாமே எழுதினார். மரநிழலும் இசையும் நாடகமும் அவருடைய பாடசாலையிற் பாடங்களாயின.

தாகூர் 1934இல் தம் கலைக்குழுவினருடன் இலங்கைக்கு வந்தார். ஓரணையிலே சிறீபாலிக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். அவ்வருகையின்போது, தலவாக்கொல்லை மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை என்னும் இளைஞர் தாம் ஆங்கிலத்தில் எழுதிய நாடகமொன்றை அவரிடம் கையளித்தார் என்பர். இவ்விளைஞரே பின்னர் 1947இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1954இல் தேயிலைத் தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாகப் பாடி நூலாக்கினார். தோட்டத்திற் பிறந்த ஒருவர் தம் மக்களின் உழைப்பையும் துயரையும் அந்தத் தோட்டங்களை ஆண்டவர்களின் மொழியிலேயே எடுத்துரைத்தார். மனு எழுதுவோரின் மேசையருகே கைகட்டி நின்ற ஒரு சமூகத்துக்கு இஃது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1936இல் ஆங்கிலப் பேராசிரியரான லூடொவைக் அவர்களின் பணியும் இங்கே குறிப்பிடத்தக்கது. அவர் மாணவர் நாடக மன்றத்தை இருபது ஆண்டளவு வழிநடத்தி, ஐரோப்பிய நாடகங்களை மேடையேற்றினார். நாடகம் என்பது குறிப்புரை எழுதுவதற்கான நூல் என்னும் எண்ணத்தை அவரிடம் பயின்றோர் கைவிட்டனர். அவர்களுட் பலர் ஆசிரியர்களாகி நாட்டின் பல பாகங்களுக்கும் சென்றனர். அக்காலப் பாடசாலைகளில் ஆங்கில இலக்கிய மன்றமும், விவாதமும், கையெழுத்துச் சஞ்சிகையும் வழங்கின. எனினும் இவை பெரும்பாலும் வகுப்பு முடிந்த பின்னர் நடந்தவை. வகுப்பு நேரம் பரீட்சைக்கு உரியதாகவே இருந்தது.

1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் பெயர் இதனாலேயே நிலைபெற்றது. கிராமத்துப் பிள்ளைக்கு மத்திய கல்லூரியின் கதவு திறந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி ஆயிற்று. 1953 முதல் இடைநிலை வகுப்புகளிலும் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 1956இல் அரசகருமமொழிச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரியணையேற்றித் தமிழரின் மனத்தைப் புண்படுத்தியது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. தோட்டப் பாடசாலைகளோ 1970களிலேதான் அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்பட்டன. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்குத் திறந்த கதவு தோட்டத்துப் பிள்ளைக்குத் திறக்க மேலும் கால் நூற்றாண்டு கடந்தது.

தாய்மொழிக் கல்வி நியாயமானது. அதனை எவரும் குறைகூறார். ஆனால் ஆங்கிலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பாடமானபோது, அதற்குரிய நேரம் நாளொன்றுக்கு ஒரு பாடவேளையாகச் சுருங்கிற்று. முன்னர்ச் சிலர் எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்திற் கற்றனர். பின்னர்ப் பலர் ஆங்கிலத்தை ஒரு பாடமாக மாத்திரம் கற்றனர். பயிற்றப்பட்ட ஆசிரியர் தொகையோ போதவில்லை. அண்டை நாட்டிலும் இதுவே நிலை. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் சென்னை மாநிலத்தில் ஏறத்தாழ 27,000 ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் ஆங்கிலங் கற்பிக்கப் பயிற்சியளிக்கும் பேரியக்கம் ஒன்று நடந்தது. முதலிற் சிலரைப் பயிற்றி, அவர்களைக் கொண்டு மற்றையோரைப் பயிற்றியமையால், உருள உருளப் பெருக்கும் பனியுருண்டையின் பெயரால் அதனை அழைத்தனர்.

அவ்வியக்கம் பரப்பியது வாக்கிய அமைப்பு முறையாகும். ஆசிரியர் ஒரு புத்தகத்தைக் காட்டி இது ஒரு புத்தகம் என்பார். வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்லும். புத்தகத்துக்குப் பதிலாகப் பேனா வரும், பின்னர் மேசை வரும். எளிய அமைப்பிலிருந்து கடிய அமைப்புக்குப் படிப்படியாக ஏறுவர். பயிற்சி குறைந்த ஆசிரியரும் பிழையின்றி நடத்தத்தக்க ஒழுங்கு இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எல்லோரும் கண்ணாற் காணும் புத்தகத்தைப் புத்தகம் என்று கூறுவதிலே ஒருவர் மற்றொருவர்க்கு அறிவிப்பது ஒன்றுமில்லை. பேசுவதற்குக் காரணமின்றிப் பேசுவது பேச்சாகுமா என்ற கேள்வி நாளடைவில் எழுந்தது.

அக்கேள்விக்கு விடை தேடி 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவிலே ஒரு பரிசோதனை நடைபெற்றது. பெங்களூர்ப் பிராந்திய ஆங்கில நிறுவனத்தின் ஆதரவில், என். எஸ். பிரபு என்பாரின் தலைமையில், பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களிலுள்ள சில சாதாரணப் பாடசாலைகளில் இலக்கணப் பட்டியலையும் வாக்கிய மனனத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, செய்பணிகளைக் கொண்டே ஆங்கிலங் கற்பித்தனர். ஒரு புகையிரத நேரசூசியைக் கரும்பலகையில் எழுதுவர். எந்த வண்டியிற் புறப்பட்டால் நண்பகலுக்கு முன் இந்த ஊரை அடையலாம் என்று ஆசிரியர் வினவுவார். முதலில் வகுப்பு முழுவதும் ஆசிரியரோடு சேர்ந்து ஒன்றைச் செய்து பார்க்கும்; பின்னர் அதைப் போன்ற வேறொன்றைப் பிள்ளை தனியே செய்யும். மனம் விடையைத் தேடுகையில் மொழி தானே படியும் என்பது அவர்கள் கொள்கை. பிரபு 1987இல் எழுதிய நூல் உலகெங்கும் மொழியாசிரியர்களால் வாசிக்கப்பட்டது.

இப்பரிசோதனையில் ஆர்வமுள்ள ஆசிரியர் ஊன்றி நோக்கவேண்டிய ஒரு படிப்பினை உண்டு. ஒருவரிடமுள்ள செய்தியை மற்றொருவர்க்கு அறிவித்தல், தரப்பட்ட செய்தியிலிருந்து ஆராய்ந்து முடிவு காணல், தன் விருப்பையும் கருத்தையும் வெளியிடல் எனப் பிரபு செய்பணிகளை மூன்றாக வகுத்தார். தொடக்க மாணவர்க்கு இரண்டாவதே ஏற்றது எனக் கண்டார். கதையை முடித்து எழுதுதல் போன்ற மூன்றாம் வகைப் பணியிலே சரியான விடை என ஒன்று இல்லாமையால், மொழிவளம் குறைந்த பிள்ளை கால் ஊன்ற இடமின்றித் தடுமாறும். எனவே நினைத்ததை எழுதுக என்று வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் நாற்காலியிற் சாய்ந்திருத்தல் ஆக்கக் கல்வியாகாது. படியமைத்துக் கொடுத்த பின்னரே ஏறச் சொல்லுதல் வேண்டும்.

இலங்கையிலும் சீர்திருத்தங்கள் வந்தன. வந்தவை சில திரும்பியும் சென்றன. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் மாணவர் தம் ஊரின் தொழில்களை நேரிற் கண்டு ஆராய்ந்து எழுதும் வழக்கத்தைத் தொழில்முன்னிலைப் பாடத்தினூடாகக் கொணர்ந்தது. 1970களின் இறுதியில் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. 1997இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தத்தின் பயனாக, 1999 முதல் முதலாந் தர வகுப்பிலேயே செயற்பாட்டு வழி வாய்மொழி ஆங்கிலம் தொடங்கப்பட்டது. பாடசாலை மட்டக் கணிப்பீடும் அக்காலத்தே பரவியது. ஒப்படை என்னும் சொல் வீடுதோறும் வழங்கலாயிற்று.

ஒப்படையின் நோக்கம் உயரியது. ஒரேயொரு நாளில் மூன்று மணி நேரத்தில் மாணவனை அளப்பதற்குப் பதிலாக, ஆண்டு முழுவதும் அவன் தேடியதையும் செய்ததையும் மதிப்பிடலாம். ஆனால் எல்லாப் பாடங்களுக்கும் ஒருங்கே ஒப்படை குவிந்தபோது, பிள்ளையின் வேலையைப் பெற்றோர் செய்தனர். பெற்றோர்க்கு இயலாதவிடத்துக் கடைக்காரர் செய்தனர். மினுங்கும் அட்டையும் ஒட்டிய படமும் புள்ளி பெற்றன. வறிய வீட்டுப் பிள்ளைக்கு அவ்வசதியும் இல்லை. பெறுபேற்றுக்குப் பணம் கொடுத்த பழைய முறையிலே பிள்ளையின் சொந்த வாக்கியம் எக்காரணத்தால் மறைந்ததோ, அதே காரணத்தால் இங்கும் மறைந்தது. புள்ளி ஒன்றே குறியானால், பிழையின்றித் தோன்றுவதே பிள்ளையின் தொழிலாகிவிடும். பெயரை மாற்றியதனால் மாத்திரம் பார்த்தெழுதுதல் ஆக்கமாகிவிடாது.

ஆண்டுதோறும் கல்வி அமைச்சு நடத்தும் ஆங்கில தினப் போட்டிகளையும் இங்கே நோக்கலாம். பாடசாலையிலிருந்து வலயம், மாகாணம், அகில இலங்கை எனப் படிப்படியாக அவை நடைபெறும். பார்த்தெழுதுதல், சொல்வதெழுதுதல், பாவோதல், பேச்சு, ஆக்க எழுத்து, நாடகம் என்பன அவற்றின் பிரிவுகள். அலுவிகாரையும் சிகிரியாவும் ஒரே பந்தலின் கீழ் வந்து நிற்பது போன்றது இது. போட்டிக்குச் செல்வோர் சிலரே என்பதுதான் குறை. க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளும் மாணவன் கதையையோ உரையையோ கட்டுரையையோ தெரிந்தெடுத்து எழுத இடமளிக்கின்றது. அவ்விடத்தை நிரப்புதற்கு முன்னரே மனனஞ்செய்த கட்டுரைகள் கடைகளில் விற்பனையாகின்றன.

இவ்வாறிருந்தும் பிள்ளையின் ஆக்கத்திறன் அழிந்துவிடவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தம் வகுப்பு மாணவரின் அமெரிக்கப் பாடப்புத்தகங்களின் ஓரங்களை ஆராய்ந்தார். போர்க்கால நெருக்கடியிடையே கற்ற அம்மாணவர், பாடத்தில் வரும் மாந்தருக்குத் தமிழ்ப் பெயர் சூட்டியும், படங்களுக்கு வசனம் எழுதியும், கேலியும் அரசியலும் கலந்து குறிப்பு வரைந்தும் இருந்தனர். வகுப்பிலே வாய்திறவாதவர்கள் ஓரங்களில் உரக்கப் பேசியிருந்தனர். இதனை அவர் 1999இல் வெளியான நூலில் விரித்துரைத்துள்ளார். சிகிரியாச் சுவரில் எழுதியவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள் எனலாம். ஆசிரியரின் கடமை, அந்த ஓரத்து எழுத்தைப் பக்கத்தின் நடுவுக்கு அழைத்து வருதலேயாகும்.

அதற்கு வேண்டிய பொருளை மாத்தளை தாராளமாகத் தருகின்றது. இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று, தன் பாட்டி எங்கே பிறந்தாள், எத்தனை வயதிற் கொழுந்து பறிக்கத் தொடங்கினாள், அன்று நாட்கூலி எவ்வளவு என்று தமிழிலே கேட்டறிந்து, பத்து ஆங்கில வாக்கியங்களில் வகுப்புக்குச் சொல்லலாம். கேட்கும் வகுப்புக்கு அச்செய்தி புதிது. ஆதலால் அங்கே பேசுவதற்குக் காரணம் உண்டு. வேண்டிய வினாச்சொற்களையும் இறந்தகால வினைகளையும் ஆசிரியர் முன்கூட்டியே பயிற்றிவிட்டால், பிரபு கூறிய படியும் அமைந்துவிடும். மாசிமக நாளில் முத்துமாரியம்மன் தேர் வீதியுலா வருவதை, அதைக் காணாத வெளியூர் நண்பனுக்குக் கடிதமாக எழுதலாம். மிளகு பறித்து உலர்த்திச் சந்தைக்குச் செல்லும் வழியை நிரற்படுத்தி விளக்கலாம். தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தின் ஒரு காட்சியைச் சிறு ஆங்கில உரையாடலாக்கி நடிக்கலாம். சிங்கள, முஸ்லிம் பாடசாலை மாணவரோடு கூடிச் செய்தால், ஒருவர் வீட்டுச் செய்தியை மற்றவர் அறியும் பாலமாகவும் ஆங்கிலம் பயன்படும். இவற்றுக்குப் பெருஞ் செலவு இல்லை. ஒரு தாளும் பென்சிலும், கேட்பதற்குப் பொறுமையுள்ள ஆசிரியருமே வேண்டுவன.

திருத்தும் முறையிலும் மாற்றம் வேண்டும். பாட்டியின் கதையைப் பத்து வரியில் எழுதிய பிள்ளையின் தாள் முழுவதும் சிவப்பு மையாய்த் திரும்பி வந்தால், அடுத்த முறை அப்பிள்ளை மூன்று வரியே எழுதும். அம்மூன்றும் பாடப்புத்தகத்து வரிகளாகவே இருக்கும். முதலிற் பொருளுக்கு விடை கூறுதல் வேண்டும். பின்னர் ஓரிரு பிழைகளை மாத்திரம் எடுத்துத் திருத்தச் செய்தல் வேண்டும். பிழை கற்போனின் குற்றமன்று, அவன் முயன்றதற்குச் சான்று. அதேவேளை நல்ல பாடல்களை மனனஞ் செய்தலையும் சொல்வதெழுதுதலையும் பழமை என்று தள்ளிவிடுதலும் பேதைமை. செவியிலும் நாவிலும் மொழியின் ஓசை ஊறாதவனுக்குப் புனைவதற்குரிய சொல் எங்கிருந்து வரும்? திரிபிடகம் ஏடேறுமுன் பல தலைமுறை நாவிலே காக்கப்பட்டது என்பதை நினைவிற் கொள்க.

சிங்கள வழக்கிலே ஆங்கிலத்தைக் கடுவ என்று கூறுவர். கடுவ என்பது வாள். அதை ஏந்தியவன் வெட்டுவான். ஏந்தாதவன் வெட்டுண்பான் என்னும் கசப்பு அச்சொல்லிலே தங்கியிருக்கின்றது. பேராசிரியர் திரு. கந்தையா 1980களில் இதைப்பற்றி ஆராய்ந்து எழுதினார். பிறருடைய வாக்கியங்களை மாத்திரம் மனனஞ் செய்த பிள்ளை, அந்த வாளைப் பிறர்க்காகச் சுமந்து செல்லும் ஏவலாளாகவே இருக்கும். தன் பாட்டியின் நடைவழியையும், தன் ஊரின் மிளகுக்கொடியையும், தன் மனத்தின் கேள்வியையும் அந்த மொழியிற் சொல்லப் பழகிய பிள்ளைக்கு அது வாளாக இராது; ஏர் போலவும் எழுத்தாணி போலவும் தன் தொழிலுக்கு உதவும் கருவியாக ஆகிவிடும். மாத்தளையின் நான்கு கல்வி வலயங்களிலும் நாள்தோறும் மணியடித்து ஆங்கிலப் பாடவேளை தொடங்குகின்றது. அந்த நாற்பது நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென ஒரு வாக்கியத்தையேனும் எழுதிச் செல்லுமாயின், மனு எழுதுவோரைத் தேடியலைந்த தலைமுறையின் கடன் ஒருவாறு தீரும்.